முன்பல்லுக்கு இம்பிளான்ட் வைத்தால் சொந்தப் பல் போலவே தெரியுமா?

கேள்வி: கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 31. எட்டாம் வகுப்புப் படிக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்து மேல் முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது. ரூட் கேனல் செய்து கேப் போட்டார்கள். இத்தனை வருடம் ஓடிவிட்டது. இப்போது ஆறு மாதமாக அந்தப் பல்லுக்கு மேலே ஈறில் ஒரு கொப்புளம் வருவதும், சீழ் வடிந்து அமுங்குவதுமாக இருக்கிறது. வேரில் விரிசல், எடுத்தே ஆக வேண்டும் என்று இரண்டு பல் டாக்டர்களும் சொல்லிவிட்டார்கள். முதல் டாக்டர் சாதா எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "எடுத்த அன்றே இம்பிளான்ட் வைத்து, அன்றே பல்லும் மாட்டிவிடலாம்" என்கிறார். இரண்டாவது டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, "உதட்டுப் பக்கத்து எலும்பு பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. பல்லை எடுத்து இரண்டு மாதம் பொறுத்து, எலும்புப் பொடியோடு இம்பிளான்ட் வைக்கலாம். எல்லாம் முடியப் பத்து மாதம் ஆகும்" என்கிறார். தை மாதம் என் தம்பிக்குக் கல்யாணம். என்னோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சருக்கு வைத்த இம்பிளான்ட் பல் பக்கத்துப் பல்லைவிட நீளமாகத் தொங்குகிறது, ஈறு ஓரம் சாம்பல் நிறத்தில் தெரிகிறது. எனக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பக்கத்துப் பல்லுக்கும் சேர்த்துக் கேப் போட்டால் நிறம் ஒத்துப்போகும் என்கிறார்களே, செய்யலாமா? எங்கள் வீடு சுத்த சைவம். எலும்புப் பொடி எதிலிருந்து எடுக்கிறார்கள்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இரண்டாவது டாக்டர் சொன்ன வழிதான் உங்கள் வாய்க்குப் பொருந்துகிறது. தம்பி கல்யாணத்துக்கு நல்ல தற்காலிகப் பல்லோடு போகலாம். மேடையில் நின்று தாராளமாகச் சிரிக்கலாம். நிரந்தரப் பல் ஆனி மாதம் வரட்டும். கல்யாணத் தேதிக்காக இம்பிளான்ட் தேதியை முன்னால் இழுக்காதீர்கள். இம்பிளான்ட் என்பது போன வேருக்குப் பதிலாக எலும்பில் பதிக்கும் டைட்டானியம் ஸ்க்ரூ; பல் அதன்மேல் ஏறும்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன். முன்பல் விஷயத்தில் மக்கள் எல்லோரும் பல்லைத்தான் பார்க்கிறார்கள். எந்த பிராண்டு, ஜிர்கோனியா என்கிற கெட்டியான பீங்கானா, என்ன ஷேடு (நிறம்) என்றுதான் கேட்கிறார்கள். பல்லை எப்போது வேண்டுமானாலும் கழற்றி வேறு செய்துகொள்ளலாம். ஈறும் அதற்கு அடியில் இருக்கும் எலும்பும் அப்படியில்லை. ஒருமுறை இறங்கிய ஈறைப் பழைய இடத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது எங்கள் துறையிலேயே கடினமான வேலை. சொந்தப் பல் போலத் தெரிகிறதா இல்லையா என்பது பெரும்பாலும் நிரந்தர கேப் லேபிலிருந்து வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

மேல் முன்பற்களின் வேருக்கு முன்னால், உதட்டுப் பக்கமாக, ஒரு எலும்புச் சுவர் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது 1 மி.மீ. கூட இருக்காது, அரை மி.மீ. அளவில் இருப்பது சாதாரணம். முட்டை ஓட்டைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அந்தச் சுவர் உயிரோடு இருப்பதே பல்லால்தான். வேரைச் சுற்றியுள்ள மெல்லிய நார்ப்படலத்தின் வழியாக அதற்கு ரத்தம் போகிறது. பல்லை எடுத்தால் அந்தப் படலமும் போகிறது, ரத்த ஓட்டமும் போகிறது, சுவர் கரையத் தொடங்குகிறது. பல் எடுத்த முதல் வருடத்தில் அந்த இடத்து எலும்பின் அகலம் பாதிவரை குறையலாம். அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிடும். எலும்பு உள்வாங்கினால் அதன்மேல் படர்ந்திருக்கும் ஈறும் உள்வாங்கும், மேலேறும்.

எடுத்த அன்றே இம்பிளான்ட் வைத்தால் இந்தக் கரைசல் நின்றுவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அது நிற்பதில்லை என்பது பிறகு தெளிவாகிவிட்டது. அதனால்தான் இப்போது இம்பிளான்டைச் சற்று அண்ணத்துப் பக்கம் தள்ளி வைத்து, முன்னால் விழும் இடைவெளியில் சீக்கிரம் கரையாத எலும்புப் பொடியை நிரப்புகிறோம். சரியான ஆளுக்கு இது அருமையான சிகிச்சை. முதல் டாக்டர் சொன்னது தப்பான சிகிச்சை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. உதட்டுப் பக்கச் சுவர் முழுதாக இருக்க வேண்டும். ஈறு தடிமனாக இருக்க வேண்டும். சீழ் கட்டியிருக்கக் கூடாது. வேர் நுனிக்கு அப்பாலும் அண்ணத்துப் பக்கமும் ஸ்க்ரூவை இறுக்கிப் பிடிக்க எலும்பு வேண்டும். இத்தனையும் இருந்தால் நானே ஒரே நாளில் செய்யச் சொல்வேன்.

உங்களுக்கு முதல் நிபந்தனையே இல்லை. ரூட் கேனல் செய்து வருடக்கணக்கில் ஆன பல்லின் வேர் நெடுக்காகப் பிளந்தால், அந்த விரிசல் ஓடும் கோட்டை ஒட்டியே எலும்பு கரையும். கிருமி வெளியே வர வழி தேடித்தான் கொப்புளம் தோன்றுகிறது. இதைச் சாதா எக்ஸ்ரேயில் சரியாகப் பார்க்க முடியாது. அது தட்டையான படம். உதட்டுப் பக்கச் சுவரும் வேரும் அண்ணத்துப் பக்கச் சுவரும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடும். பல்லை முன்பின்னாக நறுக்கியது போலக் காட்டுவது சிபிசிடி என்னும் முப்பரிமாண ஸ்கேன்தான். முன்பல் இம்பிளான்டுக்கு அந்த ஸ்கேன் எடுக்காமல் யாராவது தேதி குறித்தால், தயங்காமல் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

முன் சுவர் இல்லாத இடத்தில் அன்றே ஸ்க்ரூ வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, அநேகமாக உங்களோடு வேலை பார்க்கும் டீச்சரின் பல்லே சாட்சி. அவரை நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது. ஆனால் நீளமாகத் தொங்கும் பல்லும் சாம்பல் நிற ஈறும் சேர்ந்து வந்தால் காரணங்கள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, ஸ்க்ரூ உதட்டுப் பக்கமாகத் தள்ளி வைக்கப்பட்டிருக்கும். முன்னால் இருந்த கொஞ்ச எலும்பும் கரைந்து ஈறு மேலேறியிருக்கும். பல் உண்மையில் நீளவில்லை. ஈறு விலகியதால் கழுத்து வெளியே வந்து நீளமாகத் தெரிகிறது. இரண்டாவது, ஈறு மெலிதாக இருந்திருக்கும். டைட்டானியம் சாம்பல் நிற உலோகம். அதன்மேல் இருக்கும் ஈறு 2 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் நிறம் வெளியே தட்டும். அதற்கு மேல் தடிமன் இருந்தால் கண்ணுக்குத் தெரிவது வெகுவாகக் குறையும்.

உங்கள் ஈறு எந்த ரகம் என்று டாக்டர் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஈறின் அளவெடுக்கும் மெல்லிய உலோகக் குச்சியை ஈறு ஓரத்துக்குள் லேசாக நுழைத்துப் பார்ப்போம். குச்சியின் நிழல் ஈறு வழியாக வெளியே தெரிந்தால் மெல்லிய ஈறு. தெரியவில்லை என்றால் தடிமன். மெல்லிய ஈறு என்றால் பயப்பட வேண்டாம். அண்ணத்திலிருந்து கொஞ்சம் இணைப்புத் திசுவை எடுத்து முன் ஈறுக்கு அடியில் வைத்துத் தைத்தால் ஈறு தடிக்கும். அண்ணத்தில் சூடான சோறு பட்டுப் பொசுங்கியது போல் ஒரு வாரம், பத்து நாள் எரிச்சல் இருக்கும். அவ்வளவுதான். முன்பல் அழகுக்கு நாங்கள் செய்யும் வேலைகளில், செய்த உழைப்புக்கு மேல் பலன் தருவது இதுதான் என்பது என் அபிப்பிராயம். பலர் இதற்கு ஆகும் செலவை மிச்சப்படுத்திவிட்டு, விலை உயர்ந்த கேப் வாங்குகிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு விஷயம், இரண்டு முன்பற்களுக்கு நடுவே ஈறு முக்கோணமாக இறங்கி இடைவெளியை மூடுகிறதே, அது. அந்த முக்கோணம் போய்விட்டால் கறுப்பு ஓட்டை மாதிரித் தெரியும். பேசும்போது காற்றும் எச்சிலும் அதன் வழியாகத் தெறிக்கும். வகுப்பில் நாள் முழுவதும் பேசும் உங்களுக்கு அது தொல்லை. அமெரிக்கப் பல் மருத்துவர் டென்னிஸ் டார்னோவும் அவருடைய சகாக்களும் இயற்கைப் பற்களில் இதை அளந்து 1992-ல் வெளியிட்டார்கள். இரண்டு பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்திலிருந்து ஈறுக்குள் இருக்கும் எலும்பு வரை 5 மி.மீ. அல்லது அதற்குள் இருந்தால் முக்கோணம் ஏறக்குறைய எப்போதும் நிரம்பியிருக்கிறது. 6 மி.மீ. ஆனால் பாதிக்குச் சற்று மேல். 7 ஆனால் ஏறக்குறைய கால்வாசிதான். ஒரு மி.மீ. செய்யும் வித்தியாசத்தைப் பாருங்கள். ஒற்றைப் பல் இம்பிளான்டில் நமக்குள்ள நல்ல செய்தி, அந்த முக்கோணத்தைத் தாங்குவது பக்கத்துச் சொந்தப் பற்களின் எலும்பு. உங்கள் பக்கத்துப் பற்கள் நன்றாக இருந்தால் முக்கோணம் நிலைக்கும். இரண்டு பற்கள் பக்கத்துப் பக்கத்தில் போய்விட்டவர்களுக்குத்தான் இது பெரிய தலைவலி.

இனி உங்கள் காலக்கணக்கு. இந்த ஆவணியில் பல்லை எடுத்துவிடலாம். சீழ் இருக்கும் இடத்தை நன்றாகச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். அதில் அவசரம் கூடாது. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பள்ளத்தின்மேல் ஈறு மூடி நல்ல திசு வளர்ந்திருக்கும். ஐப்பசியில் இம்பிளான்ட். அப்போதே உதட்டுப் பக்கம் எலும்புப் பொடி நிரப்பி, மேலே ஒரு மெல்லிய படலம் போர்த்தித் தைத்துவிடுவார்கள். அப்புறம் நான்கைந்து மாதம் அதைத் தொந்தரவு செய்யக் கூடாது. பங்குனி வாக்கில் திறந்து, ஸ்க்ரூமேல் தற்காலிகப் பல்லை ஏற்றுவார்கள். அதை வைத்து மூன்று மாதம் ஈறுக்கு வடிவம் கொடுத்து, ஆனியில் நிரந்தர கேப். கணக்கு இப்படித்தான் வரும். ஓரிரண்டு மாதம் முன்பின் ஆகலாம்.

தை மாதம் இதன் நடுவில் வருகிறது. அப்போது வாயில் என்ன இருக்கும் என்பதுதான் உங்கள் கவலை. பல் எடுத்த அன்றே ஒரு தற்காலிகப் பல்லைப் பக்கத்துப் பற்களின் பின்பக்கம் மெல்லிய ஃபைபர் இழையோடு ஒட்டிவிடலாம். பக்கத்துப் பற்களை ராவ வேண்டியதே இல்லை. ஐப்பசியில் இம்பிளான்ட் வைக்கும்போது அதைக் கழற்றி, வேலை முடிந்ததும் திரும்ப ஒட்டுவார்கள். கழற்றி மாட்டும் பல் செட் வேண்டாம் என்பது என் கருத்து. அது தையலின்மேல் அழுத்தும். பொடி வைத்த இடத்தில் அழுத்தம் பட்டால் செய்த வேலை வீணாகும். வேறு வழியே இல்லாமல் அதைத்தான் போட வேண்டியிருந்தால், அடிப்பாகம் ஈறைத் தொடாதபடி ராவித் தரச் சொல்லுங்கள்.

ஒட்டிய பல் பார்வைக்கு. அதில் எதையும் கடிக்கக் கூடாது. தையில் கல்யாணம் என்றால் பொங்கல் கரும்பும் கூடவே வரும், வீட்டில் முறுக்கும் சுற்றுவார்கள். கரும்பை முன்பல்லால் உரிக்கும் ஆசையை இந்த ஒரு வருடம் விட்டுவிடுங்கள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் டாக்டரிடம் போய் ஒட்டு கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்து, பாலீஷ் போட்டுக்கொண்டு வாருங்கள். ஒட்டு விட்டால் திரும்ப ஒட்டுவது அரை மணி நேர வேலை. ஆனால் முகூர்த்த நாள் காலையில் அது நடக்க வேண்டாம் பாருங்கள்.

ஸ்க்ரூ எங்கே உட்கார வேண்டும் என்பதைப் பற்றிக் கொஞ்சம் நுணுக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் அறுவை சிகிச்சை செய்யப்போவதில்லை. இருந்தாலும் இதைத் தெரிந்துகொண்டு டாக்டரிடம் பேசினால் அவருக்கும் சந்தோஷமாக இருக்கும். பக்கத்துப் பல்லின் வேரிலிருந்து குறைந்தது 1.5 மி.மீ. விலகி இருக்க வேண்டும். வரப்போகும் பல்லின் ஈறு ஓரம் எங்கே இருக்கும் என்று திட்டமிட்டு, அதிலிருந்து 3 முதல் 4 மி.மீ. ஆழத்தில் ஸ்க்ரூவின் தலை இருக்க வேண்டும். அதற்கு முன்னால் உதட்டுப் பக்கம் கிட்டத்தட்ட 2 மி.மீ. எலும்பு வேண்டும், இல்லாததைத்தான் பொடி வைத்து உருவாக்குகிறோம். ஆகவே சரியான வரிசை, முதலில் பல்லை கம்ப்யூட்டரிலோ மெழுகிலோ வடிவமைத்து, அந்தப் பல்லுக்கு ஏற்ற இடத்தில் ஸ்க்ரூவைத் திட்டமிடுவது. எலும்பு இருக்கும் இடத்தில் ஸ்க்ரூவை வைத்துவிட்டு, பிறகு பல்லை எப்படியாவது அதில் பொருத்திக்கொள்ளலாம் என்று கிளம்பினால் அது கடைவாய்ப் பல்லில் ஓரளவு செல்லும். முன்பல்லில் செல்லாது. இதற்காகவே பல்லின்மேல் உட்காரும் வழிகாட்டித் தகடு ஒன்றை அச்சடித்து, அதில் உள்ள துளை வழியாகத் துளையிடும் முறை இருக்கிறது. "கைடு போட்டுச் செய்வீர்களா?" என்று கேட்டாலே போதும்.

ஸ்க்ரூ எலும்போடு ஒட்டுமா என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவ ஆராய்ச்சியாளர் பிரோனமார்க் 1965-ல் முதல் நோயாளிக்கு டைட்டானியம் இம்பிளான்ட் வைத்ததிலிருந்து அது நிரூபணமான விஷயம். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்கள், புகைபிடிப்பவர்கள், ஈறு நோய் முற்றியவர்கள், எலும்புத் தேய்வுக்கு ஊசி மருந்து எடுப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பங்குனியில் தற்காலிகப் பல் ஏறிய பிறகு வரும் மூன்று மாதத்தைப் பற்றி யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கட்டம் அதுதான். ஸ்க்ரூவின் தலை வட்டம், விட்டம் நான்கு மி.மீ. அளவில். உங்கள் முன்பல்லின் கழுத்தோ முக்கோணச் சாயலில், கிட்டத்தட்ட ஆறேழு மி.மீ. அகலம். சின்ன வட்டத்திலிருந்து பெரிய முக்கோணத்துக்கு ஈறுக்குள்ளேயே மாற வேண்டும். அந்த மாற்றத்தைக் கொண்டுவருவது தற்காலிகப் பல்லின் கழுத்து. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, கழுத்தில் காம்போசிட் என்னும் பல் நிற அடைப்புப் பொருளைத் துளித் துளியாகச் சேர்த்து, பாலீஷ் போட்டு, திரும்ப மாட்டுவோம். மாட்டியவுடன் ஈறு அழுத்தத்தில் வெளுத்துப்போகும். கண்ணாடியைக் கையில் கொடுத்து உங்களையும் பார்க்கச் சொல்வார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெளுப்பு மாறி ரோஜா நிறம் திரும்பினால் அளவு சரி. திரும்பவில்லை என்றால் அழுத்தம் அதிகம். கொஞ்சம் ராவ வேண்டும். இப்படி மெல்ல மெல்லத் தள்ளித்தான் ஈறு ஓரம் பக்கத்துப் பல்லின் வளைவுக்குச் சமமாக வரும். மெல்லிய முக்கோணமும் இந்தச் சமயத்தில்தான் இறங்கி நிரம்பும். கடைசியில் அந்த ஈறு வடிவத்தை அப்படியே அளவெடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். தற்காலிகப் பல்லைக் கழற்றிய சில நிமிடங்களிலேயே ஈறு சரியத் தொடங்கும். ஆகவே பல்லின் கழுத்தை நகலெடுத்து அந்த நகலை வைத்தே அளவெடுப்பார்கள். இந்தக் கட்டத்தைத் தாண்டி நேராக நிரந்தர கேப்புக்குப் போகும் இடங்கள் உண்டு. உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அடுத்தது நிறம். எங்கள் தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் உண்மை, ஒற்றை முன்பல்லைப் பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகச் செய்வதைவிட ஆறு முன்பற்களையும் புதிதாகச் செய்வது சுலபம். உங்களிடம் "பக்கத்துப் பல்லுக்கும் கேப் போடலாம்" என்று சொல்வதற்குக் காரணம் அந்தச் சுலபம்தான். தயவு செய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். சுற்றிலும் ராவினால் போன எனாமல் திரும்ப வராது. 31 வயதில் நல்ல பல்லை ராவி கேப் போட்டால், வாழ்நாளில் அந்த கேப்பை இரண்டு மூன்று தடவை மாற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் பல் கொஞ்சம் குறையும். ஒரு முன்பல் போனதற்கு மருந்தாக இன்னொரு முன்பல்லைப் பலவீனப்படுத்தக் கூடாது.

நிறம் ஒத்துவர வேறு வழி இருக்கிறது. பக்கத்துப் பற்கள் மஞ்சளாக இருக்கிறது, வெளுக்க ஆசை என்றால் அதை முதலில் செய்துவிடுங்கள். வெளுத்து முடித்து இரண்டு வாரமாவது ஆனபின் ஷேடு எடுக்க வேண்டும். அதற்குள் நிறம் நிலைக்காது. கேப் போட்ட பிறகு வெளுக்க நினைத்தால் சொந்தப் பல் வெளுக்கும், கேப் வெளுக்காது. ஷேடு எடுப்பது அந்தச் சந்திப்பின் முதல் வேலையாக இருக்க வேண்டும். வாயைத் திறந்து வைத்து அரை மணி நேரம் ஆனால் பல் காய்ந்து, உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியும். அப்போது எடுத்த ஷேடு மறுநாள் பொய்த்துவிடும். லிப்ஸ்டிக் வேண்டாம், பளீர் நிறப் புடவையும் அன்று வேண்டாம். சாதாரண ஷேடு அட்டையில் 16 நிறங்கள் இருக்கின்றன. ஆனால் எந்த மனிதப் பல்லும் ஒரே நிறம் கிடையாது. கழுத்தில் கொஞ்சம் பழுப்பு, நடுவில் வெளிச்சம், நுனியில் கண்ணாடி மாதிரி நீலச் சாயல், எங்காவது ஒரு வெள்ளைப் புள்ளி, குறுக்கே ஓடும் மெல்லிய வரிகள். முடிந்தால் லேப் டெக்னீஷியனே உங்கள் பல்லை ஜன்னல் வெளிச்சத்தில் நேரில் பார்க்கட்டும். நல்ல டெக்னீஷியன் காகிதத்தில் பல்லின் வரைபடம் போட்டு, எந்த இடத்தில் என்ன என்று குறித்துக்கொள்வார். லேப் வெளியூரில் என்றால் ஷேடு அட்டையைப் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்து நல்ல கேமராவில் எடுத்த படங்கள் போக வேண்டும். முடிந்த கேப்பை மாட்டிப் பார்த்து, சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவதை ஒரு தடவையாவது எதிர்பாருங்கள். முன்பல்லில் அது சகஜம். டாக்டர் திருப்பி அனுப்பினால் அவர் அக்கறையாக இருக்கிறார் என்று அர்த்தம்.

இன்னொன்று, எட்டாம் வகுப்புக்கு அப்புறம் எடுத்த படமானாலும் சரி, நீங்கள் பல் தெரியச் சிரிக்கும் பழைய போட்டோ இருந்தால் கொண்டுபோங்கள். பல் உடைவதற்கு முந்தைய படம் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டு முன்பற்களும் எப்படிச் சேர்ந்து நின்றன என்பது டெக்னீஷியனுக்குத் தெரியும்.

கேப் எந்தப் பொருளில் என்றால், முன்பல்லுக்கு மேலே போர்சலின் பூசிய ஜிர்கோனியா நன்றாக வரும். கேப்பை ஸ்க்ரூவோடு சிமென்ட் வைத்து ஒட்டாமல், பின்பக்கத் துளை வழியாகத் திருகி மாட்டும் வகையைக் கேளுங்கள். ஒட்டும்போது ஈறுக்குள் மிச்சமாகும் சிமென்ட் அங்கேயே தங்கி, சில வருடம் கழித்துச் சீழ் பிடிக்க வைக்கும். திருகிய கேப்பை எப்போது வேண்டுமானாலும் கழற்றிப் பார்க்கலாம். ஆனால் ஸ்க்ரூ சரியான சாய்வில் இருந்தால்தான் துளை பின்பக்கம் வரும். இல்லாவிட்டால் பல்லின் முகத்திலேயே துளை விழும். எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னியிருக்கிறது.

எலும்புப் பொடி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கேட்டது மிக நல்லது. இதை நோயாளிகள் கேட்காமலே டாக்டர்கள் சொல்ல வேண்டும். உலகம் முழுவதும் அதிகம் பயன்படும் பொடி மாட்டு எலும்பிலிருந்து தயாராவது. உயிர்ப்பொருள் எல்லாம் நீக்கி, கனிமம் மட்டும் மிஞ்சும்படி சுத்திகரித்தது. மேலே போர்த்தும் கொலாஜன் படலம் பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுப்பது. மனித எலும்பு வங்கியிலிருந்து வருவதும் உண்டு. விலங்கு சம்பந்தமே வேண்டாம் என்றால் கால்சியம் பாஸ்பேட் வகையில் செயற்கையாகத் தயாரித்த பொடியும், செயற்கைப் படலமும் கிடைக்கின்றன. உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி அதிலிருந்து கிடைக்கும் ஜவ்வைச் சேர்த்துக்கொள்வதும் வழக்கம். உங்கள் தாடையிலிருந்தே சிறிது எலும்பைச் சுரண்டிக் கலக்கலாம். மாட்டு எலும்புப் பொடி கரையாமல் நெடுநாள் நிற்கும் என்பதால்தான் முன்பல்லுக்கு அதை விரும்புகிறோம். செயற்கைப் பொடிகளில் சில வேகமாகக் கரையும், சில மெதுவாகக் கரையும். மெதுவாகக் கரையும் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இது உங்கள் வீட்டு நம்பிக்கை, உங்கள் முடிவு. அறுவைக்கு முன்பே எழுத்தில் பேசி முடித்துவிடுங்கள்.

அறுவையே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு மாற்று வழி சொல்கிறேன். போன பல்லுக்குப் பதிலான பல்லை, பக்கத்துப் பல்லின் பின்பக்கம் ஒற்றைச் சிறகு போல ஒட்டித் தாங்கும் ஜிர்கோனியா பிரிட்ஜ். பல்லை ஏறக்குறைய ராவுவதே இல்லை. ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் மத்தியாஸ் கெர்ன் குழுவினர் பத்து வருடத்துக்கும் மேல் தொடர்ந்து கவனித்து, நல்ல பலனைப் பதிவு செய்திருக்கிறார்கள். கடிக்கும் விதமும் பக்கத்துப் பல்லின் எனாமலும் ஒத்துவர வேண்டும். இரண்டு பக்கமும் முழுக்க ராவிப் போடும் பழைய பிரிட்ஜைவிட இது எவ்வளவோ மேல். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு முன்பல் போனால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். தாடை வளர வளர சொந்தப் பற்கள் கீழே இறங்கும், இம்பிளான்ட் அசையாமல் நின்றுவிடும். சில வருடத்தில் அந்தப் பல் மட்டும் மேலே ஏறியது போல் ஆகிவிடும். இந்த நகர்வு பெரியவர்களிடமும் மெதுவாக நடக்கத்தான் செய்கிறது. உங்களுக்கும் பத்துப் பதினைந்து வருடத்தில் நுனி கொஞ்சம் ஏற்றத்தாழ்வாக ஆகலாம். அப்போது கேப்பை மட்டும் மாற்றினால் போதும்.

அப்படி மாற்றும் நாளில் அந்த டாக்டர் அதே ஊரில் இருப்பார் என்று சொல்ல முடியாது. ஆகவே எந்த கம்பெனி இம்பிளான்ட், என்ன அளவு, என்ன லாட் எண் என்று பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் திருகும் கருவி வேறு. ஸ்ட்ராமனோ, நோபலோ, ஆஸ்டெமோ, எதுவானாலும் பரவாயில்லை. உதிரிப் பாகம் தொடர்ந்து கிடைக்கும் கம்பெனியாக இருக்க வேண்டும். பெயரே தெரியாத ஸ்க்ரூ வாயில் இருந்து, அதன்மேல் உள்ள திருகு தளர்ந்தால், எந்தக் கருவி பொருந்தும் என்று தேடி நாங்கள் படும் பாடு கொஞ்சமில்லை.

இரண்டாவது டாக்டரிடமே தொடரலாம் என்பது என் எண்ணம். இன்னொருவர் கருத்தும் வேண்டுமென்றால், உங்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு பல் மருத்துவக் கல்லூரி பக்கம்தான். பீரியோடான்டிக்ஸ் (ஈறு), புராஸ்தோடான்டிக்ஸ் (செயற்கைப் பல்) என்று இரண்டு துறையிலும் ஸ்கேனைக் காட்டுங்கள். ஈறையும் பல்லையும் தனித்தனிக் கண்ணால் பார்ப்பார்கள்.

இதற்கிடையில் ஒன்று. கொப்புளம் அமுங்கியதும் வலி இல்லை என்று பல் எடுப்பதை ஒத்திப்போடாதீர்கள். ஒவ்வொரு மாதமும் அந்த விரிசலை ஒட்டி எலும்பு இன்னும் கரையும், பக்கத்துப் பல்லின் எலும்பையும் தொடும். பள்ளிக்கு லீவு என்று பார்த்தால், பல் எடுக்கும்போது ஒரு நாள், இம்பிளான்ட் வைக்கும்போது மூன்று நாள் போதும். அந்த மூன்று நாளும் முகம் கொஞ்சம் வீங்கும், ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். தையல் பிரிக்கும் வரை, பத்துப் பதினான்கு நாள், அந்த இடத்தில் பிரஷ் போடாமல் டாக்டர் தரும் மருந்துத் தண்ணீரில் கொப்பளியுங்கள். ஐப்பசி அறுவை தேதியைத் தீபாவளி விடுமுறையோடு ஒட்டி வாங்கினால் லீவே தேவைப்படாது. பண்டிகைப் பலகாரத்தில் மட்டும் குழைவானதாகப் பார்த்துச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.